கியர் பெட்டி என்ன சொல்கிறது?

மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் பருத்தி மூட்டைகள் ஏற்றிவரும் சிறு சரக்கு வண்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது எஞ்சின் பெருஞ் சத்தம் போடுகிறது. வண்டியோ ஆமைபோல் ஊர்கிறது. தாராபுரம் சாலையில் ஏறிச் சிறிது தூரம் சென்றதும், அதே எஞ்சின் ஏறத்தாழ அதே சுழற்சியில் ஓட, வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரைத் தொட்டுவிடுகிறது. எஞ்சின் மாறவில்லை. அப்படியானால் மாறியது எது? ஓட்டுநரின் இடக்கை பிடித்திருக்கும் கம்பியின் மறுமுனையில் உள்ள கியர் பெட்டியில் ஒரு பற்சக்கர இணை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் கியரில் எஞ்சின் 4 முறை சுழன்றால் பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டு 1 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சிலுள்ள டிபரென்ஷியல் இந்தச் சுழற்சியை மேலும் நான்கில் ஒரு பங்காகக் குறைக்கிறது. ஆக, எஞ்சினின் 16 சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று. எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடினால் சக்கரம் 125 சுற்று ஓடும். சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் எனில், நிமிடத்துக்கு 250 மீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டர். மேல் கியரில் பெட்டிக்குள் குறைப்பே இல்லையென்றால் 4 சுற்றுக்கு ஒரு சுற்று. வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். வேகத்தை இழந்த முதல் கியருக்குக் கிடைத்தது என்ன? சுழற்றும் வலிமை, அதாவது முறுக்கு விசை. உராய்வை ஒதுக்கிவிட்டால் அது 16 மடங்காகிறது. மூட்டைகளை அசைப்பது அந்த வலிமைதான்.

(உங்கள் ஊர்ச் சாலைகளில் ஓடும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். மொபெட்டில் கியர் மாற்றும் வேலையே கிடையாது. அதற்கு ஒரே விகிதம்தான். அதை வைத்துக்கொண்டே நம்மவர்கள் இரண்டு மூட்டை ஏற்றி விடுகிறார்கள் என்பது வேறு கதை!)

எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையே நிற்பது கிளட்ச். மிதியை அழுத்தினால் இரண்டும் பிரியும், விட்டால் ஒட்டும். ஒட்டவைப்பது உராய்வு ஒன்றே. கிளட்ச் தட்டு முழுதாக ஒட்டாமலும் முழுதாகப் பிரியாமலும் இருக்கும் நிலையைத்தான் ஓட்டுநர்கள் 'ஆஃப் கிளட்ச்' என்கிறார்கள். அப்போது தட்டு வழுக்கிச் சூடேறித் தேய்கிறது. வண்டி கிளம்பும் ஓரிரு நொடிக்கு அது வேண்டியதே. ஆனால் ஓடும் நேரமெல்லாம் மிதியின்மேல் இடக்காலை வைத்துக்கொண்டு ஓட்டுவதும், மேட்டில் பிரேக் போடாமல் கிளட்ச்சைக் கொண்டே வண்டியை நிறுத்திப் பிடிப்பதும் தட்டை எரிப்பதற்கு ஒப்பாகும். கியர் கம்பியின்மேல் கையை ஓய்வாக வைத்துக்கொள்வதும் நல்லதன்று. அந்தக் கையின் பாரம் உள்ளேயிருக்கும் கவைகளைச் சுழலும் வளையங்களின்மேல் அழுத்தி, இரண்டையும் தேய்க்கிறது.

கோவை ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய காலத்தில் கியர் மாற்றுவது ஒரு வித்தையாக இருந்தது. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரு பற்சக்கரங்களை அப்படியே மோதவிட்டால் பல் உடையும். ஆகவே எஞ்சின் ஒலியைக் காதால் கேட்டு, கிளட்ச்சை இருமுறை மிதித்து, வேகங்களைச் சமன்செய்த பிறகே மாற்றவேண்டும். 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் 'சின்க்ரோமெஷ்' என்னும் அமைப்பு வந்தது. பற்கள் சேருமுன் ஒரு பித்தளை வளையம் கூம்பு வடிவப் பரப்பின்மேல் உரசி, இரு பக்கத்து வேகத்தையும் ஒன்றாக்கிவிடும். இன்றைய சாதாரண வண்டிகளிலும் இதுவே வேலை செய்கிறது. 2014-இல் மாருதி செலெரியோவில் வந்த, தானே கியர் மாற்றும் ஏ.எம்.டி. வகையிலும் இதே பெட்டியும் இதே கிளட்ச்சும்தான். கையையும் காலையும் மட்டும் ஒரு மின்னணுக் கருவி பிடித்துக்கொண்டது.

இனி எண்ணெய். பற்கள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தும் இடம் மிகச் சிறியது. அங்கே ஏற்படும் அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் பிதுங்கி வெளியேறிவிடும். அதனால் கியர் எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த சேர்மங்களைச் சேர்க்கிறார்கள். அவை சூட்டில் உலோகத்துடன் வினைபுரிந்து பல்லின்மேல் ஒரு காப்புப் படலமாகப் படிகின்றன. இங்கே ஒரு விந்தை உண்டு. டிபரென்ஷியலுக்கு ஏற்ற ஜி.எல்.-5 வகை எண்ணெயில் இச்சேர்மங்கள் மிகுதி. அவற்றுள் சில, மேலே சொன்ன பித்தளை வளையத்தையே அரித்துவிடக்கூடும். பல பெட்டிகளுக்கு ஜி.எல்.-4 கேட்பது இதனால்தான். 'எல்லாம் கியர் ஆயில்தான்' என்று கையில் கிடைத்ததை ஊற்றும் பட்டறையை நான் நம்பமாட்டேன். வண்டியின் கையேட்டில் எந்த வகை, எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று அச்சிட்டிருக்கிறது. பழைய எண்ணெயை வடிக்கும்போது அடிப்பூட்டில் காந்தம் இருந்தால் அதைப் பாருங்கள். மைபோன்ற சாம்பல் நிறப் பூச்சு இயல்பான தேய்மானம். கையில் குத்தும் இரும்புச் சில்லு இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது.

வண்டி வைத்துப் பிழைக்கும் வீட்டுக்கு, அது நின்றுபோன நாளிலும் கடன் தவணை நிற்பதில்லை. 'கியர் பாக்ஸ் போச்சு' என்ற சொல் அந்த வீட்டில் இடியாக விழும். உண்மையில் பெட்டி போய்விட்டதா என்று பிரிப்பதற்கு முன்பே பெரும்பாலும் கண்டுவிடலாம். கம்பி நியூட்ரலில் இருக்க, எஞ்சின் ஓடட்டும். இரைச்சல் கேட்டு, கிளட்ச்சை மிதித்ததும் அது நின்றால், பெட்டியின் முன்தண்டிலோ துணைத்தண்டிலோ உள்ள பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். மிதித்த பிறகே இரைச்சல் எழுந்தால் கிளட்ச்சின் ரிலீஸ் பேரிங். இரண்டாம் கியருக்கு மாற்றும்போது மட்டும் கரகரத்தால் அந்தக் கியரின் சின்க்ரோ வளையம். எல்லாக் கியருமே கரகரத்து, ரிவர்ஸ் கியர் அலறிக்கொண்டு விழுந்தால், கிளட்ச் சரியாகப் பிரியவில்லை. எஞ்சின் சீறியும் வண்டி வேகம் எடுக்காவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

கடைசி இரண்டுக்கும் காரணம் மிதியின் தளர்வு அளவோ, கேபிளோ, எண்ணெய்க் குழாயில் புகுந்த காற்றோ ஆக இருக்கலாம். சிறு செலவில் தீரும். ஆனால் கிளட்ச் தட்டைப் பார்க்கவே பல வண்டிகளில் பெட்டியைக் கீழே இறக்கவேண்டும். ஆசை பிறப்பதும் அங்கேதான். 'இறக்கியாச்சு, பேரிங்கும் போயிருக்கு, வளையமும் போயிருக்கு' என்று ஒரு பட்டியல் நீளும். சில சமயம் அது முழு உண்மை. சில சமயம் இல்லை. பிரித்தறிவது எப்படி?

நல்ல மெக்கானிக் பானரைக் கையில் எடுக்குமுன் கேள்வி கேட்பார்: எந்தக் கியரில், பாரத்திலா வெற்று வண்டியிலா, எப்போதிருந்து? பிறகு தாமே ஓட்டிப் பார்ப்பார். மிதியையும் கேபிளையும் முதலில் சோதிப்பார். இறக்கிய பின், பொருளைக் காட்டிப் பேசுவார். பித்தளை வளையத்தைக் கூம்பில் அழுத்திக் கையால் திருகச் சொல்லுங்கள். நல்ல வளையம் கவ்விப் பிடிக்கும், தேய்ந்தது வழுக்கும். தேய்ந்த கிளட்ச் தட்டில் ரிவிட் தலைகள் பரப்பின் மட்டத்துக்கு வந்துவிட்டிருக்கும். பேரிங்கைக் கழுவிக் கையால் சுழற்றினால் சொரசொரப்பு விரலுக்கே தெரியும். இவற்றுக்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. உங்கள் வகுப்பு மாணவரே அப்பாவுடன் போய்ப் பார்த்துச் சொல்லலாம். 'அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுங்க' என்று சொல்லும் இடத்தில் வண்டியை விடாதிருப்பது மேல். பட்டறையின் பளபளப்பும் பெயர்ப்பலகையும் இதில் ஒன்றும் சொல்வதில்லை. மரத்தடிப் பட்டறையிலும் அருமையான கைகள் உண்டு.

மதிப்பீட்டை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். உதிரிபாகம் வேறு, கூலி வேறு என்று பிரித்து எழுதிய ரசீதும் வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பழுதுபார்ப்பும் ஒரு சேவைதான். வேலையில் குறையிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது அந்தக் காகிதமே.