10 ஆயிரம் தடவை செருகி உருவும் எந்திரம்! சார்ஜர் வயருக்கு நடக்கும் 'சித்திரவதை' சோதனை

சென்னை,-

"வயரை ஒரு பக்கமா அமுக்கிப் பிடிச்சாத்தான் சார்ஜ் ஏறுது சார்!"

ரிச்சி தெருவில் செல்போன் ரிப்பேர் கடைகளுக்குப் பழகிப்போன புகார் இது. போன் வைத்திருப்பவர் போனைக் குறை சொல்கிறார். போனைப் பார்ப்பவர் வயரைக் குறை சொல்கிறார். வயர் விற்றவரோ, "உங்களுக்கு யூஸ் பண்ணத் தெரியலே" என்று வாங்கியவர் தலையிலேயே பழியைப் போடுகிறார்.

உண்மையான குற்றவாளி யார்? அதைக் கண்டுபிடிக்க, வயரின் முனையில் உள்ள 'பின்' எப்படிச் சோதிக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். விவரம் வருமாறு:-

20 மணி நேரம்

சோதனைக்கூடத்தில் ஒரு எந்திரம். அதன் ஒரு பக்கம் சாக்கெட், மறு பக்கம் பின். செருகும், உருவும். மறுபடி செருகும், மறுபடி உருவும். மணிக்குச் சுமார் 500 தடவை வேகம் என்பது விதி. இப்போதைய போன்களில் உள்ள 'டைப்-சி' பின் இப்படி 10 ஆயிரம் தடவை தாங்க வேண்டும். இடைவிடாமல் ஓட்டினாலும் சுமார் 20 மணி நேரம் ஆகும்!

அதோடு விடுவதில்லை. புதுப் பின்னை உருவ, 800 கிராம் எடைக்குச் சமமான இழுப்பாவது தேவைப்பட வேண்டும். 10 ஆயிரம் தடவை அடிபட்ட பிறகும் 600 கிராம் அளவுக்குப் பிடி இருக்க வேண்டும். மின்சாரம் தடையில்லாமல் பாய்கிறதா என்றும் அளந்து பார்ப்பார்கள்.

பழைய கதை

1996-ல் யு.எஸ்.பி. வந்தது. கம்ப்யூட்டரில் செருகும் அந்தப் பட்டைப் பின்னுக்கு 1,500 தடவைதான் கணக்கு. அடுத்து வந்த 'மினி' பின்னுக்கு 5 ஆயிரம். 2007-ல் வந்த 'மைக்ரோ' பின்னுக்கு 10 ஆயிரம். 2014-ல் வந்த டைப்-சிக்கும் அதே 10 ஆயிரம்.

மைக்ரோ பின்னில் ஒரு தந்திரம் செய்தார்கள். தேய்ந்து போகும் ஸ்பிரிங்கைப் போனில் வைக்காமல் வயரின் பின்னுக்கு மாற்றினார்கள். டைப்-சியிலும் பிடித்துக்கொள்ளும் கொக்கிகள் வயர் பக்கம்தான். காரணம், வயர் மலிவு, போன் விலை அதிகம். தேய வேண்டியது தேயட்டும், போன் பிழைக்கட்டும் என்பதுதான் திட்டம்.

ஆப்பிள் கம்பெனி 2012-ல் கொண்டு வந்த 'லைட்னிங்' பின் இதற்கு நேர் எதிர். வயரில் கெட்டியான தட்டை முனை, ஸ்பிரிங் எல்லாம் போனுக்குள்ளே. 2023-ல் ஐபோன் 15 வந்தபோது அந்தக் கம்பெனியும் டைப்-சிக்கு மாறி விட்டது.

கணக்கு இடிக்கிறதே?

தினமும் 2 தடவை சார்ஜ் போட்டால் 10 ஆயிரம் தடவைக்கு 13 வருஷத்துக்கு மேல் ஆகும். அப்படியானால் ஒரு வருஷத்திலேயே 'லூஸ்' ஆவது ஏன்?

எந்திரம் நேராகச் செருகி நேராக உருவுகிறது. மனிதன் அப்படியா செய்கிறான்? சார்ஜில் போட்டபடியே படுத்துக்கொண்டு பேசுகிறான். வயரைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கிறான். சட்டைப் பையில் உள்ள பஞ்சும் தூசும் சாக்கெட்டுக்குள் போய் அடைகின்றன.

இன்னொரு திடுக்கிடும் விஷயம்! வயரை மடக்கிப் பார்க்கும் சோதனையும் உண்டு. ஆனால் அது ஒரு திசையில் 100 தடவை, குறுக்குத் திசையில் 100 தடவை, அவ்வளவுதான். 10 ஆயிரம் என்பது செருகுவதற்கே தவிர மடக்குவதற்கு அல்ல. பின்னுக்குப் பக்கத்தில் வயர் முறிவது இதனால்தான்.

சூடு ஜாக்கிரதை!

பிடி தளர்ந்தால் சார்ஜ் மெதுவாக ஏறுவதோடு போகாது. தொடும் இடம் குறையக் குறையச் சூடு ஏறும். மின்சாரம் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்காகும். வேகமாக ஏற்றும் சார்ஜரில் லூஸான பின்னைச் செருகினால் பிளாஸ்டிக் கருகி, சாக்கெட்டும் சேர்ந்து வீணாகலாம். தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினால் ஆபத்து உயிருக்கே!

கண்டுபிடிப்பது எப்படி?

வேறொரு நல்ல வயரைச் செருகிப் பாருங்கள். 'டக்' என்று பிடித்தால் குற்றவாளி பழைய வயர். அதுவும் ஆடினால் டார்ச் அடித்துச் சாக்கெட்டுக்குள் பாருங்கள். தூசி அடைத்திருந்தால், போனை அணைத்து விட்டு மரப் பல் குச்சியால் மெல்ல எடுக்கலாம். ஊக்கு, குண்டூசி வேண்டவே வேண்டாம். உள்ளே இருப்பது மெல்லிய நாக்கு, வளைந்தால் போச்சு! தூசியும் இல்லை, இன்னும் ஆடுகிறது என்றால்தான் ரிப்பேர் கடைக்குப் போக வேண்டும்.

கழற்றும்போது வயரை இழுக்காமல் பின்னைப் பிடித்து உருவுங்கள். லூஸான வயரை "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்" என்று வைத்திருக்காதீர்கள்.

போனுக்குப் பதிலாகத் தேய்வதற்கென்றே செய்யப்பட்டது வயர். தேய்ந்த வயரைத் தூக்கிப் போட யோசிக்கிறவர், போனையே பலி கொடுக்கிறார்!