ஏர்வாடியிலிருந்து மும்பைக்கு 6 மில்லி விநாடி

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு ஏர்வாடி, கீழக்கரைப் பக்கம் வருகிறவரின் பெட்டியில் தம்பிக்கென்று ஒரு கேமிங் மவுஸ் இருந்தால் இன்று ஆச்சரியமில்லை. அட்டையில் '26,000 டிபிஐ', '8,000 ஹெர்ட்ஸ்' என்று கொட்டை எழுத்து. வீட்டு மேசையில் இருப்பதோ பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்.

60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி 16.7 மில்லி விநாடி. 144 ஹெர்ட்ஸில் 6.9. மவுஸுக்கும் இப்படி ஒரு வேகம் உண்டு. கை எவ்வளவு நகர்ந்தது என்று விநாடிக்கு இத்தனை முறை கணினிக்குச் சொல்லும். அதுதான் போலிங் ரேட். சாதாரண மவுஸ் 125 முறை சொல்லும், கேமிங் மவுஸ் 1,000 முறை. 125 ஹெர்ட்ஸ் மவுஸை 144 ஹெர்ட்ஸ் திரையோடு சேர்த்துப் பாருங்கள்: விநாடிக்கு 19 படங்களாவது புதுத் தகவல் இல்லாமலே வந்துபோகும். கை சீராக ஓடினாலும் குறி தத்தித் தத்தி நகரும். பழி என்னவோ கிராபிக்ஸ் கார்டு மேல் விழும். 1,000 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் படத்துக்கு 6 அல்லது 7 தகவல் கிடைத்துவிடும். தத்தல் கண்ணில் படாது.

அப்படியென்றால் 8,000? அதனால் மிச்சமாவது ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு. அதற்காகப் பிராசசர் கூடுதலாக உழைக்க வேண்டும்.

இந்த மிச்சத்தின் மதிப்பை ஏர்வாடியிலிருந்து அளந்துவிடலாம். வேலரன்ட் ஆட்டத்துக்கு மும்பையில் சர்வர் இருக்கிறது. இங்கிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 1,250 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போக 6 மில்லி விநாடி, திரும்பி வர இன்னொரு 6. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை. நடுவில் கருவிகள் வேறு. ஆகவே நிஜத்தில் பிங், அதாவது போய்த் திரும்பும் நேரம், இதைவிட நன்றாகவே கூடும். கையில் காசிருந்தால் 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கும், வைஃபைக்குப் பதிலாக ஒரு லேன் கேபிளுக்கும் போடுவதே என் கட்சி.

டிபிஐ என்பது மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் எத்தனை எண்ணிக்கை அனுப்பும் என்ற கணக்கு. விண்டோஸில் மவுஸ் வேகம் நடு அளவில் இருந்தால் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு பிக்சல். 800 டிபிஐயில் 1,920 பிக்சல் அகலத் திரையைக் கடக்கக் கை 2.4 அங்குலம் நகர வேண்டும். 3,840 பிக்சல் உள்ள 4கே திரைக்கு 4.8. புது 4கே மானிட்டர் வாங்கியதும் மவுஸ் 'மந்தமாகி'விட்டதாகத் தோன்றுவது இதனால்தான். டிபிஐயை 1,600 ஆக்கினால் பழைய ஓட்டம் திரும்பிவிடும்.

ஆனால் துப்பாக்கி ஆட்டத்துக்குள் கதை வேறு. அங்கே எண்ணிக்கை பிக்சலாக அல்ல, கோணமாக மாறுகிறது. வேலரன்ட்டில் சென்சிடிவிட்டி 1 என்றால் ஓர் எண்ணிக்கைக்கு 0.07 டிகிரி. 800 டிபிஐ, சென்சிடிவிட்டி 0.4 வைத்தால் முழுச் சுற்றுத் திரும்பக் கை சுமார் 41 சென்டிமீட்டர் போக வேண்டும். திரை எதுவானாலும் இது மாறாது. டிபிஐயை இரட்டித்தவர் ஆட்டத்துக்குள் சென்சிடிவிட்டியை 0.2 ஆகப் பாதியாக்க வேண்டும். இல்லாவிட்டால் பழகிய குறி தப்பும்.

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியும் விண்டோஸ் 60-லேயே நின்றிருப்பது சகஜம். 'அட்வான்ஸ்டு டிஸ்பிளே' பகுதியில் பார்த்து மாற்றுங்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் அல்ல, கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்க வேண்டும். 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' டிக்கையும் எடுத்துவிடுங்கள். பெயருக்குத்தான் அது துல்லியம். கையின் வேகத்துக்கேற்பக் குறி ஓடும் தூரத்தை மாற்றிவிடும்.