என்ஜினுக்கும் நாடி பார்க்கலாம்!

"என்ஜினை இறக்கி, ரீபோர் பண்ணணும்மா!" என்றார் மெக்கானிக். மாமனார் 1986-ல் வாங்கிய பெட்ரோல் கார். மேடு ஏற மூச்சு வாங்கியது. செலவைக் கேட்டதும் எனக்கும்தான்! மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணமாயிற்றே?

"ஒரு நாள் பொறுங்க" என்று சொல்லிவிட்டு, கம்ப்ரஷன் கேஜ் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன்.

என்ஜின் சூடானதும் நிறுத்தி, பிளக் நான்கையும் கழற்றினேன். (கை சுடும், ஜாக்கிரதை!) பொறி பறக்காமலிருக்கக் காயில் ஒயரையும் எடுத்துவிட்டேன். கியர் நியூட்ரலில், ஹாண்ட் பிரேக்கும் போட்டாயிற்று. என் கணவர் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்ற, ஒவ்வொரு துளையிலும் கேஜை வைத்துக் குறித்துக்கொண்டேன். 140, 145, 80, 140 பவுண்டு. மூன்றாவதுதான் நோயாளி!

அதில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன். முள் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறவில்லை, அப்படியானால் பெரும்பாலும் வால்வுதான். (அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம்.)

என் சீட்டைப் பார்த்த மெக்கானிக், ஹெட்டை மட்டும் கழற்றினார். ஒரு வால்வு தீய்ந்திருந்தது! என்ஜின் இறங்கவில்லை, கட்டணப் பணமும் தப்பியது.

செலவுக்குத் தலையாட்டுமுன் நீங்களும் கேளுங்கள், சகோதரிகளே: "கம்ப்ரஷன் பார்த்தீங்களா?"