வெப்பமும் மரம் துளைக்கும் வண்டும்

கோடையில் திண்டுக்கல்லின் வெயிலுக்கு அஞ்சி நாம் கொடைக்கானலை நாடுகிறோம். 1,000 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். நமக்கு அது இதம். பூச்சிக்கோ அதுவே வளர்ச்சியின் வேகத்தை வகுப்பது.

நம் உடல் தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்கிறது. பூச்சியின் வெப்பமோ பெரும்பாலும் சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. ஓர் எல்லைக்குக் கீழே குளிர்ந்தால் அதன் வளர்ச்சி நின்றுவிடும். எல்லைக்கு மேற்பட்ட வெப்பம் நாள்தோறும் சேமிப்பைப்போல் சேர்ந்து, உரிய தொகை நிறைந்ததும் முட்டை பொரியும். புழுவும் கூட்டுப்புழுவும் அவ்வாறே வளரும். எல்லை 10 டிகிரி, தொகை 200 என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 20 டிகிரியில் 20 நாள் ஆகும். 30 டிகிரியில் 10 நாளே போதும். வெப்பம் அளவு கடந்தாலோ பூச்சி மடியும்.

தாண்டிக்குடி முதலிய கீழ்ப்பழனி மலை ஊர்களில், ஓங்கிய மரங்களின் நிழலில் காப்பி விளைகிறது. அராபிகா காப்பியின் பெரும்பகை வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு. ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் இவ்வண்டு மிகுதியாக வெளிவரும். வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்புகளில் முட்டையிடும். புழு தண்டினுள் மாதக்கணக்கில் குடைந்து தின்னும், செடி வாடும். உள்ளே புகுந்த புழுவை மருந்து எளிதில் எட்டாது.

ஆகவே நிழலே முதற்காவல். நிழல் மரத்தை வெட்டினால் தண்டு சூடேறும். வண்டு தேடி வரும். உலகின் வெப்பம் உயர்ந்துவரும் இந்நாளில், கோடரியை ஓங்குமுன் இதனை எண்ணிப் பார்த்தல் நம் கடமையாகும்.