நடமாடும் வீட்டில் மலசலகூடம் ஒழுகினால்...

சுற்றுலாத் துறையில் கால் பதித்துள்ள எமது வர்த்தக சகோதரர்கள் சிலரின் கவனம் அண்மைக்காலமாக ஒரு புதிய பக்கம் திரும்பியுள்ளது. படுக்கை, அடுப்பு, மலசலகூடம் எல்லாவற்றையும் உள்ளே கொண்ட 'மோட்டார் ஹோம்', 'கேம்பர்வேன்' என்று சொல்லப்படும் நடமாடும் வீடுகளை வாடகைக்கு விடும் தொழிலே அது. எசல பெரஹரா காலத்தில் கண்டி நகரில் அறை கிடைப்பது எவ்வளவு சிரமம் என்பது எல்லோருக்கும் தெரியும். வாகனமே அறையாக இருந்தால் அந்தத் தலையிடி இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனிப்பட்ட பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இதனால் கையில் இருந்த பழைய வேனையும் பஸ்ஸையும் மாற்றியமைத்துத் தொழில் பார்க்கலாமா என்று யோசித்தவர்களும் உண்டு.

ஆனால் இத்தொழிலில் வாடகையை விழுங்குவது பெரும்பாலும் எஞ்சினோ ரயரோ அல்ல, மலசலகூடம்தான். எஞ்சினில் சத்தம் வந்தால் வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்வார். கொமட்டின் அடியில் ஈரம் கண்டால், நாற்றம் வந்தால், அந்த நிமிடமே வாகனத்தைத் திருப்பிக் கொண்டுவந்து காசைக் கேட்பார். அவர் கேட்பதில் தவறும் இல்லை.

இதைத் திருத்த ஆள் தேடும்போதுதான் வேடிக்கை. வீடுகளில் வேலை செய்யும் பைப் பாஸ்மார் வாகனத்தில் கை வைக்கத் தயங்குகிறார்கள். கராஜ்காரர்களோ கொமட் என்றதும் முகம் சுளிக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் காலியாகக் கிடக்கிறது. வில்லியம் கோபல்லாவ மாவத்தையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் வாகன வேலையோடு சம்பந்தப்பட்டவர்களும் ஹாட்வெயார் கடைக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். வீட்டுக் கொமட்டில் வளைந்த குழாயில் தேங்கி நிற்கும் நீரே நாற்றத்தைத் தடுக்கிறது. ஓடும் வாகனத்தில் அப்படி நீர் நிற்காது. அதற்குப் பதிலாகக் கிண்ணத்தின் அடியில் ஒரு தகடு இருக்கும். மிதியை அழுத்தினால் அல்லது பிடியைத் திருப்பினால் தகடு விலகி, கழிவு கீழேயுள்ள தாங்கியில் விழும். தகடு மூடும்போது அதைச் சுற்றியுள்ள இறப்பர் சீல் நீரையும் வாடையையும் அடைத்து நிற்கும். தாங்கி இரண்டு வகைப்படும். ஒன்று வாகனத்தின் அடியில் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டது. மற்றது வெளிப்பக்கச் சிறு கதவைத் திறந்து பெட்டி போல இழுத்தெடுக்கும் 'கசெட்' தாங்கி. அமெரிக்காவின் மிச்சிகனில் 1963இல் தொடங்கிய தெட்ஃபோர்ட், சுவீடனின் டொமெட்டிக் ஆகிய இரண்டும் இதில் உலகறிந்த பெயர்கள்.

ஈரத்தைக் கண்டவுடன் கொமட்டைக் கழற்றுவதுதான் பலர் செய்யும் காரியம். அது வீண் செலவு. தரையை நன்றாகத் துடைத்து, பழைய பத்திரிகைத் தாளை விரித்து, ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். பம்பை மட்டும் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். அப்போதே தாள் நனைந்தால் குற்றம் நல்ல தண்ணீர்ப் பக்கம். குழாய் இணைப்பு அல்லது வால்வு. எந்த டெப்பும் திறக்காதபோது பம்ப் தானாக இடையிடையே ஓடுவதும் பெரும்பாலும் அதே அறிகுறிதான். அடுத்து, ஃபிளஷ் செய்யும் நேரத்தில் மட்டும் நனைகிறதா என்று பாருங்கள். அப்படியானால் கொமட்டின் பின்புறம் தண்ணீர் உள்ளே நுழையும் இடத்திலுள்ள பாகங்களைச் சந்தேகிக்கலாம். பிறகு தகட்டை மூடி, கிண்ணத்தில் நீர் ஊற்றி அரை மணித்தியாலம் விடுங்கள். மட்டம் இறங்கினால் தகட்டுச் சீல் போய்விட்டது. இவை எல்லாவற்றிலும் தாள் காய்ந்தே இருந்து, வாகனம் ஓடிய பிறகு மட்டும் நனைந்தால், தாங்கியையும் கொமட்டைத் தரையோடு இணைக்கும் சீலையும் பார்க்க வேண்டும்.

கிண்ணத்து நீரில் புரியாணிக்குப் போடும் கலரில் சிறிது கலந்துவிட்டால் வேலை இன்னும் இலகு. தரையில் நிற பேதம் தெரிந்தால் கழிவுப் பக்கம், தெளிந்த நீர் என்றால் நல்ல தண்ணீர்ப் பக்கம். சுத்தம் பேணும் எமக்கு இந்த வேறுபாடு சிறிய விடயமல்ல.

சீல் என்பது தேயும் பொருள். பல மாதிரிகளில் அதைக் கையாலேயே மாற்றிவிடலாம். ஆனால் பழைய சீல் உண்மையில் தேய்ந்ததா, அழுக்குப் படிந்ததா என்று பார்த்த பின்பே புதியதை வாங்க வேண்டும். விளிம்பில் ஒட்டிய காகிதத் துண்டு ஒன்றே தகட்டை முழுதாக மூடவிடாமல் தடுக்கும். இறப்பருக்குச் சிலிக்கன் கிரீஸ்தான் பூச வேண்டும். வெசலின் பூசினால் இறப்பர் ஊதிப் பழுதாகும். தேங்காய் எண்ணெய் நுவரெலியாக் குளிரில் உறைந்துவிடும். கழிப்பறை கழுவும் காரமான அசிட் திரவங்களை இதில் ஊற்றவே கூடாது.

உள்ளூரில் மாற்றியமைத்த வாகனங்களில் இன்னொரு கோளாறு. வீட்டுக்குரிய பீங்கான் கொமட்டை வெள்ளைச் சீமெந்து வைத்துத் தரையில் பொருத்திவிடுகிறார்கள். வீட்டுத் தரை அசையாது. கடுகண்ணாவ ஏற்றத்திலும் மஹியங்கனைப் பாதையின் 18 வளைவுகளிலும் வாகனத் தரை எப்படி முறுக்கும் என்பதை யோசிக்க வேண்டாமா? சீமெந்து வெடிக்கும், ஒழுக்கு ஆரம்பிக்கும். மீண்டும் சீமெந்து பூசுவதில் பயனில்லை. வளைந்து கொடுக்கும் இறப்பர் சீலும் போல்ட்டும் தேவை.

இனி எமது நாட்டுக்கே உரிய விடயம். இந்தக் கொமட்டுகள் காகிதம் பாவிப்பவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நாமோ தண்ணீரால் கழுவுகிறோம். வாகனத்தை வாங்கியதும் முதலில் செய்வது பக்கத்தில் ஒரு ஹேண்ட் ஷவர் பூட்டுவதுதான். சாதாரண கசெட் தாங்கி 17 முதல் 20 லீற்றர் வரையே கொள்ளும். நான்கு பேர் கொண்ட குடும்பம், ஆளுக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் 2 லீற்றர் என்று வைத்தாலே 24 லீற்றர். ஒரு நாள் முடியும் முன் தாங்கி நிறைந்துவிடும். அதன் பிறகு ஒரு வளைவில் திரும்பினால் நீர் மேலே வரத்தானே செய்யும்? சீல் போய்விட்டது என்று கொண்டுவரப்படும் வாகனத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கடைசியாக எப்போது தாங்கியை வெறுமையாக்கினீர்கள் என்பதுதான். ஹேண்ட் ஷவரின் வால்வும் எந்நேரமும் பம்பின் அழுத்தத்தில் இருந்தால் சொட்டத் தொடங்கும். அதற்குத் தனி ஸ்டொப் டெப் போட்டு, பாவித்த பின் மூடிவிட வேண்டும்.

மலைநாட்டுக்கு ஒரு குறிப்பு. கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர், நுவரெலியா சுமார் 1,870 மீற்றர். கீழே இறுக மூடிய தாங்கிக்குள் காற்று அடைபட்டிருந்தால், மேலே போய்த் தகட்டைத் திறக்கும்போது அது சீறிக்கொண்டு வரும். காற்றுத் துளை அடைபடாமல் இருக்கிறதா என்று றம்பொடை ஏறுவதற்கு முன் பார்ப்பது நல்லது.

தாங்கியை எங்கே வெறுமையாக்குவது? இதற்கு விடை இல்லாமல் தொழிலைத் தொடங்கவே கூடாது. இரவில் மெத எலவில் ஊற்றிவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர் ஒன்றை யோசிக்க வேண்டும். கண்டி வாவியிலிருந்து நகரின் ஊடாக ஓடும் அந்தக் கால்வாய் மகாவலியில்தான் விழுகிறது. அதே மகாவலியிலிருந்துதான் கெட்டம்பேயிலும் கட்டுகஸ்தோட்டையிலும் குடிநீர் எடுக்கப்படுகிறது. நகரக் கழிவுநீரைச் சுத்திகரிக்க 2010இல் ஜப்பானின் ஜைக்கா கடனுதவி பெறப்பட்டு, கன்னொருவையில் நிலையம் அமைக்கப்பட்டது. அந்தக் குழாய்த் தொகுதியுடனோ நல்ல மலக்குழியுடனோ இணைந்த விடுதி ஒன்றுடன் கட்டணம் பேசி ஒழுங்கு செய்துகொள்வதே முறை. மலக்குழி என்றால் தாங்கியில் இடும் நீல நிற இரசாயனத்தைத் தவிர்க்க வேண்டும். அவ்வகையில் பலவற்றில் ஃபோர்மல்டிஹைட் கலந்திருக்கும். குழியில் கழிவை மக்கச் செய்யும் பக்டீரியாக்களை அது கொன்றுவிடும். மலக்குழிக்கென்றே பச்சை நிறத் திரவம் விற்கப்படுகிறது.

திருத்துபவருக்கு ஒரு வார்த்தை. சோதனைக்கு ஒரு கட்டணம், திருத்தத்துக்கு வேறு கட்டணம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இருபது நிமிடச் சோதனையில் குற்றம் ஒரு ஓ-ரிங் என்று தெரிந்தால், அதற்கு மேல் கழற்றிக் காட்டிப் பில் போடத் தேவையில்லை. வாடகைக்கு விடுபவர் தன் மாதிரிக்குரிய லிப் சீல் இரண்டு, சில ஓ-ரிங், ஒரு டியூப் சிலிக்கன் கிரீஸ் ஆகியவற்றைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து சீல் வரும்வரை வாகனம் முற்றத்தில் நின்றால், அந்த நாட்களின் வாடகையை யார் தருவது? சாவியைக் கொடுக்கும்போது பத்து நிமிடம் செலவழித்து, தகட்டைத் திறந்து மூடுவதையும் தாங்கி நிறைந்ததைக் காட்டும் விளக்கையும் வாடிக்கையாளரே செய்து பார்க்கும்படி விடுங்கள்.