பள்ளிக்கூடத்திலேயே பேச்சுப் பயிற்சியும் தொழில்வழிச் சிகிச்சையும்

நம் சங்க அங்கத்தினர்களில் பெரும்பாலோர் நாள் கணக்குப் பார்த்து வாழ்பவர்கள். பேச்சுத் திருந்தாத பிள்ளையையோ, கைவிரல்கள் சரிவர இயங்காத பிள்ளையையோ மாவட்ட மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டுமாயின், அன்று தறி நிற்கும். அல்லது நடவு தவறும். சில முறை சென்றபின் பயணம் நின்றுவிடுகிறது. அதனுடன் பயிற்சியும் நின்றுவிடுகிறது. ஆகவே இவ்வுதவி பிள்ளை நாள்தோறும் செல்லும் பள்ளிக்கே வருதல் வேண்டும் என்னும் கருத்தை நாம் ஆராய்தல் தகும்.

பேச்சுப் பயிற்சி என்பது வெறும் உச்சரிப்புத் திருத்தம் அன்று. சொற்களைப் புரிந்துகொள்ளுதல், எண்ணியதை வாக்கியமாக்குதல், திக்குதலைச் சமாளித்தல், பேச இயலாத பிள்ளைக்குப் படங்களாலும் சைகைகளாலும் கருத்தைத் தெரிவிக்கக் கற்பித்தல் ஆகிய யாவும் அதில் அடங்கும். இதற்கு முதற்படி செவிப் பரிசோதனை. காது கேளாமையே பல பிள்ளைகளின் பேச்சுத் தாமதத்திற்குக் காரணமாக இருக்கிறது. தறிச் சத்தம் நிறைந்த வீட்டில், அழைத்தால் பிள்ளை திரும்பிப் பாராதது எளிதில் புலப்படாது. வசம்பை உரைத்து நாவில் தடவினால் பேச்சு வரும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது, மிக விலையுயர்ந்த இளமைக் காலத்தை இழப்பதாகும்.

தொழில்வழிச் சிகிச்சைக்கும் நெசவாளர்களுக்கும் பழைய உறவு உண்டு. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களின் கைகளுக்கும் மனத்திற்கும் வலுவூட்ட, நெசவும் கூடை முடைதலும் சிகிச்சையாகவே அளிக்கப்பட்டன. அமெரிக்காவில் இத்துறைக்கென ஒரு சங்கம் 1917-இல் அமைந்தது. நம் நாட்டில் திருமதி கமலா நிம்ப்கர் அவர்களின் முயற்சியால் 1950-இல் பம்பாயில் இதற்கான பயிற்சிப் பள்ளி தோன்றியது. இங்கே ‘தொழில்’ என்பது பிழைப்பைக் குறிப்பதன்று. உண்ணுதல், பொத்தான் இடுதல், எழுதுதல், விளையாடுதல் ஆகியவையே ஒரு பிள்ளையின் தொழில்கள். அவற்றைத் தானே செய்ய வைப்பதுதான் இச்சிகிச்சையின் நோக்கம்.

மருத்துவமனை அறையில் கற்றது வகுப்பில் பயன்படாமற் போவது உண்டு. அங்கே பென்சிலைப் பிடித்த பிள்ளை, பள்ளிப் பலகையில் அமர்ந்ததும் தடுமாறுகிறது. பள்ளியிலேயே நிபுணர் பார்த்தால் தடை எதுவென்று கண்கூடாகத் தெரியும். கால்கள் தரையில் எட்டாமல் தொங்கினால் உடல் சாயும். உடல் சாய்ந்தால் கை எழுதாது. காலடியில் ஒரு மரப்பலகை இட்டால் பாதித் துன்பம் நீங்கும். பென்சிலின் மீது நூலைத் தடிமனாகச் சுற்றினால் வலுவற்ற விரல்களுக்குப் பிடி கிடைக்கும். திக்கும் பிள்ளையின் சொல்லை நாம் முடித்துக் கொடாமல், முகம் பார்த்துப் பொறுமையாகக் கேட்க வேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை.

ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நிபுணரை அமர்த்துதல் எளிதன்று. ஆயினும் அவர் குறித்த நாளில் வந்து பிள்ளையைப் பார்த்து, ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் செய்முறையைக் காட்டிச் செல்லலாம். நாள்தோறும் பத்து நிமிடம் நடக்கும் பயிற்சி, மாதம் ஒரு முறை நடக்கும் நீண்ட பயிற்சியினும் பயன் மிக்கது. மழை ஒரே நாளில் கொட்டுவதைக் காட்டிலும் முறைப் பாசனமே பயிருக்கு நல்லது என்பதை உழவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இது எவரும் இரந்து பெறும் சலுகையன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைக் குறைபாடுகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. சட்டத்தின் அளவுப்படி 40 சதவிகிதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை அச்சட்டம் வழங்குகிறது. தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் பணியாற்றுகின்றனர். தலைமையாசிரியர் வழியாக அம்மையத்தை அணுகுதல் பெற்றோர் எடுக்க வேண்டிய முதல் நடவடிக்கை. சான்றிதழ் கிடைக்கும்வரை பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டுவதில்லை.

சங்கங்களுக்கும் இதில் கடமை உண்டு. தனியொரு தகப்பனார் கேட்டால் ஒரு மனு. சங்கம் கேட்டால் அது ஊரின் குரல். நிபுணர் வரும் நாளை நிலையாகக் குறித்துத் தருமாறு பொதுக்குழுவில் தீர்மானம் இயற்றி வள மையத்திற்கு அனுப்பலாம். விதிகள் இடம் தருமளவில், பொது நல நிதியிலிருந்து காலடிப் பலகைகளும் படப் பலகைகளும் வாங்கிப் பள்ளிக்கு அளிக்கலாம். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் அதைத் தள்ளிவிடுவதில்லை. தறியை நிறுத்தி, முடிச்சிட்டு, மேலே நெய்கிறார். ‘மந்தம்’ என்று பின்வரிசையில் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளின் பொருட்டும் அத்தகைய கவனத்தை நம் சங்கங்கள் காட்டுமென நம்புகிறோம்.