கிளறாமல் வேகும் கேக்

புட்டு அவிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அரிசி மாவில் சிறிது சிறிதாக நீர் தெளித்து, கையில் பிடித்தால் பிடிபடவும் உதிர்த்தால் உதிரவும் கூடிய பதத்தில் பிசிறி, குழலில் இட்டு ஆவியில் வைக்கிறார்கள். பதம் தவறினால், வெந்த புட்டின் நடுவே வெள்ளைப் பொடி அப்படியே நிற்கும். மாவு சூடாகத்தான் இருக்கிறது; ஆனால் வேகவில்லை. இது ஏன்? இக்கேள்விக்கு விடை தெரிந்தவர்கள், ஒரு நாளும் செய்திராத ஒருவகைக் கேக்கையும் தவறின்றிச் செய்துவிடலாம்.

அமெரிக்க வீடுகளில் 'டம்ப் கேக்' என்று ஒன்று செய்கிறார்கள். டம்ப் என்றால் கொட்டுதல். பெயருக்கேற்ற பண்டம்தான். தட்டையான பாத்திரத்தில் ஒரு டின் பழத்தைச் சாற்றோடு கொட்டுகிறார்கள். அதன்மேல் கேக் மாவுக் கலவையை உலர்ந்தபடியே கொட்டிப் பரப்புகிறார்கள். மேலே வெண்ணெயைத் துண்டு துண்டாக வைத்து ஓவனில் தள்ளிவிடுகிறார்கள். முட்டை அடிப்பதில்லை, மாவு கரைப்பதில்லை, கரண்டியால் ஒரு முறைகூடக் கிளறுவதில்லை. இப்படிக் கொட்டுவதற்கு உலர் கலவை கடையில் கிடைக்க வேண்டும் அல்லவா? பிட்ஸ்பர்க் நகரத்து டஃப் அண்ட் சன்ஸ் என்னும் நிறுவனம் 1930களில் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கையில் தேங்கிக் கிடந்த கரும்புப் பாகை உலர்த்தி மாவுடன் சேர்த்துத் தீர்க்க முயன்றபோது பிறந்தது அது!

சிந்தாதிரிப்பேட்டையில் ஐயா முதலி தெருப் பக்கம் உள்ள எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. ஆயினும் ஒரு குழந்தையின் பிறந்த நாளன்று இந்தக் கேக்கைச் செய்வதென்று துணிந்தோம். அன்னாசித் துண்டுகள் அடைத்த டின் ஒன்று வாங்கினோம். டின்னிலிருந்த சர்க்கரைச் சாற்றைச் சுற்றி நின்ற பிள்ளைகள் ஆளுக்கு ஒரு வாய் என்று குடித்துத் தீர்த்துவிட்டனர். துண்டுகளை மட்டும் பாத்திரத்தில் அடுக்கி, மைதாக் கலவையைத் தூவினோம். வெண்ணெய் இல்லை, நெய் இருந்தது, அதை ஊற்றினோம். மணல் பரப்பிய தேக்சாவுக்குள் வைத்து மூடி, முக்கால் மணி நேரம் எரியவிட்டோம். திறந்து பார்த்தால் ஓரங்களில் பொன்னிறம். நடுவில் திட்டுத் திட்டாக வெள்ளை மாவு! இன்னும் கால் மணி வைத்தோம். வெள்ளை போகவில்லை, அடியில் தீய்ந்த வாடைதான் வந்தது.

எட்டிப் பார்த்த பெரியம்மா, "புட்டு மாவுக்குத் தண்ணி தெளிக்காம வச்சா இப்படித்தாண்டா ஆவும்" என்றார். சமையற்கட்டில் பிறந்த அந்த ஒரு வாக்கியத்தில் வேதியியல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

மைதாவில் பெரும்பகுதி மாவுச்சத்து. அது நுண்ணிய மணிகளாக, உள்ளே இறுக அடுக்கப்பட்ட மூலக்கூறுகளோடு இருக்கிறது. நீரும் வெப்பமும் ஒருங்கே கிடைக்கும்போது, ஏறத்தாழ 60 டிகிரி சென்டிகிரேடிலிருந்து, இம்மணிகள் நீரை உறிஞ்சிப் பருத்து, அடுக்குக் குலைந்து கூழாகின்றன. 'மாவு வேகிறது' என்று நாம் சொல்வது இந்த மாற்றத்தைத்தான். சர்க்கரை மிகுதியாக இருந்தால் அது நீரைத் தன்பால் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே கேக்கில் இம்மாற்றம் நிகழ இன்னும் கூடுதலான வெப்பம் தேவைப்படும். நீரே இல்லாவிட்டால்? மாவு வறுபடுமே தவிர வேகாது.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு கரண்டி மைதாவை வெறும் வாணலியில் சூடாக்குங்கள். நிறம் மாறும், மணம் வரும், பொடி பொடியாகவே இருக்கும். இன்னொரு கரண்டி மைதாவை அரை டம்ளர் நீரில் கரைத்துக் காய்ச்சுங்கள். சில நிமிடங்களில் பளபளவென்று பசையாகிவிடும். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் வாளியில் எடுத்துச் செல்வது இந்தப் பசைதான். கைத்தறி நெசவாளர்கள் பாவு நூலுக்கு ஏற்றும் கஞ்சியும் இதற்கு உறவே. கூவத்தின் வளைவுக்குள் அமைந்த எங்கள் பேட்டை, 1734-இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளர்களையும் நூற்போரையும் குடியேற்றுவதற்கென்றே உண்டாக்கப்பட்டது. சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்று சொல்வதுண்டு. மாவையும் நீரையும் வெப்பத்தையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பது அந்தத் தெருக்களுக்குப் புதிய செய்தியன்று!

சாதாரணக் கேக்கில் இந்த நீரை நாமே ஊற்றிக் கலக்குகிறோம். கொட்டும் கேக்கில் அவ்வேலையைப் பழச்சாறு செய்ய வேண்டும். அது இரண்டு வழிகளில் மேலேறுகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல, மாவுத் துகள்களின் இடைவெளிகளில் சாறு நுண்புழை ஏற்றத்தால் ஊறி ஏறுகிறது. பின்னர் சாறு கொதிக்கத் தொடங்கியதும் நீராவி மாவினூடே புகுந்து, குளிர்ந்த துகள்மேல் படிந்து மீண்டும் நீராகிறது. இரண்டாவது வழி அப்படியே புட்டுக் குழல்தான். மேலேயிருந்து உருகி இறங்கும் வெண்ணெய் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்கிறது. வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நீர் உண்டு. நெய்யில் அந்த நீர் இல்லை; உருக்கும்போதே போய்விடுகிறது. அதுமட்டுமன்று, நெய் பூசப்பட்ட துகளில் நீர் எளிதாக ஒட்டாது.

இப்போது எங்கள் கேக் ஏன் கெட்டது என்பது உங்களுக்கே விளங்கியிருக்கும். சாற்றைப் பிள்ளைகள் குடித்துவிட்டனர். வெண்ணெய்க்குப் பதில் நெய் வந்தது. நீர் வரும் வாயில்கள் இரண்டையும் நாங்களே அடைத்துவிட்டு, தீயைக் குறை கூறிக்கொண்டிருந்தோம். அடி தீய்ந்ததற்கும் இதுவே காரணம். சாறு இருக்கும்வரை பழத்தின் வெப்பம் நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும். சாறு வற்றிய பிறகுதான் அது தாண்டி ஏறிக் கருகும்.

வெள்ளைத் திட்டுகளைச் சுரண்டி எறிந்துவிட்டு மீதியை உண்ணலாமா என்ற பேச்சு எழுந்தது. மாவுதானே, என்ன செய்துவிடும் என்பது பலருடைய எண்ணம். இங்கே சற்று நின்று கவனியுங்கள். மாவு என்பது பச்சைப் பண்டம். வயலிலிருந்து வந்த கோதுமையை அரைத்ததே தவிர, கிருமிகளை அழிக்கும் அளவுக்கு யாரும் அதைச் சூடாக்கியதில்லை. 2016-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கோதுமை மாவின் வழியாகப் பரவிய ஈ.கோலை நோயால் 60 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர். ஏராளமான மாவு கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பச்சை மாவைச் சுவைத்தவர்கள் அவர்களில் பலர். மேலும் ஒரு வியப்பு உண்டு. சால்மனெல்லா போன்ற கிருமிகள் ஈரமான உணவில் 75 டிகிரி வெப்பத்திலேயே விரைவில் மடிந்துவிடும். உலர்ந்த மாவிலோ அவை வெப்பத்தை நெடுநேரம் தாங்கி நிற்கும். ஆகவே சூடான கேக்கின் நடுவிலுள்ள உலர்ந்த மாவு, சூடாக இருக்கிறது என்பதாலேயே தூய்மையாகிவிடாது. மாவு வேகவும் நீர் வேண்டும், கிருமி சாகவும் நீர் வேண்டும். நாங்கள் எறிந்துவிடவில்லை. வெள்ளைத் திட்டுகளின்மேல் கரண்டியால் காய்ச்சிய பாலைத் தெளித்து, மூடி, மேலும் கால் மணி நேரம் வேகவிட்டோம். திட்டுகள் மறைந்தன. கேக் அழகாயில்லை; ஆனால் வெந்திருந்தது.

டின் பழம் இல்லாமல் தள்ளுவண்டியில் கிடைக்கும் அன்னாசியையே பயன்படுத்தலாம், விலையும் குறைவு. ஆனால் பச்சையாகப் போடக்கூடாது. பச்சை அன்னாசியைத் தின்றால் நாக்கு அரிக்கிறதல்லவா? அதிலுள்ள புரோமலின் என்னும் நொதி புரதத்தைச் சிதைக்கக்கூடியது. இறைச்சி மெத்தென்று வேகப் பப்பாளிக் காயைச் சேர்க்கிறார்களே, அந்த வேலையைத்தான் இதுவும் செய்கிறது. பாலிலுள்ள புரதத்தை அது சிதைத்தால் கசப்பு உண்டாகும். கொதிக்க வைத்தால் நொதி செயலற்றுப்போகும். டின்னில் அடைக்கும்போது பழத்தைச் சூடாக்குவதால் டின் பழத்தில் இத்தொல்லை இல்லை.

கேக்கை உப்பச் செய்வது கரியமில வாயு. ஒரு கிராம் சோடா உப்பு போதிய அமிலத்துடன் சேர்ந்தால், அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 290 மில்லி லிட்டர் வாயு வெளிப்படும். அமிலம் இல்லாமல் வெப்பத்தால் மட்டும் சிதைந்தால் அதில் பாதிதான் கிடைக்கும். எஞ்சிய பாதி சோடியம் கார்பனேட்டாக நின்று சவர்க்காரச் சுவை தரும். அன்னாசி புளிப்பானதுதானே, ஆப்ப சோடாவே போதாதா என்று நீங்கள் கேட்கலாம். கரைத்துச் செய்யும் கேக்குக்குப் போதும். இங்கே அமிலம் கீழே இருக்கிறது, சோடா மேலே இருக்கிறது. சாறு எட்டாத இடத்தில் சோடா தனித்து நின்றுவிடும். எனவே அமில உப்பையும் தன்னோடு சேர்த்தே கொண்டுவரும் பேக்கிங் பவுடர்தான் ஏற்றது. பர்மிங்காமைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பேர்டு 1843-இல் ஒரு பேக்கிங் பவுடரை உருவாக்கினார். ஈஸ்ட்டு சேர்ந்த ரொட்டி அவருடைய மனைவியின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதே அதற்குக் காரணம்.

சென்னையின் ஈரக்காற்றில் இந்தப் பவுடர் டப்பாவுக்குள்ளேயே மெல்ல மெல்லச் செயலிழந்துவிடுவதுண்டு. ஒரு சிட்டிகையை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் நல்லது. சோம்பிக் கிடந்தால் வேறு வாங்குங்கள்.

இனிச் செய்முறை. 18 சென்டி மீட்டர் அகலமுள்ள எவர்சில்வர் பாத்திரத்துக்கு இந்த அளவு சரியாக இருக்கும். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரம் புளிப்புப் பழத்துக்கு ஆகாது. பொடியாக நறுக்கிய அன்னாசி 400 கிராம், சர்க்கரை மூன்று மேசைக் கரண்டி, நீர் அரை டம்ளர் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். முடிவில் பழத்தைத் தவிர முக்கால் டம்ளர் சாறாவது எஞ்சியிருக்க வேண்டும். குறைந்தால் வெந்நீர் சேருங்கள். ஆறியதும் பாத்திரத்தில் ஊற்றுங்கள். மைதா 75 கிராம், பொடித்த சர்க்கரை 50 கிராம், பால் பவுடர் ஒரு மேசைக் கரண்டி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை ஆகியவற்றை மூன்று முறை சலித்துக்கொள்ளுங்கள். பின்னர் கிளறப்போவதில்லை ஆகையால் கலக்க வேண்டியதையெல்லாம் இப்போதே கலந்துவிட வேண்டும். இதைப் பழத்தின்மேல் சமமாகத் தூவுங்கள். ஒரு விரல் பருமனுக்கு மேல் வேண்டாம், அழுத்தவும் வேண்டாம். அழுத்தினால் ஆவி ஏறும் வழி அடைபடும். குளிர்ந்த வெண்ணெய் 60 கிராமை மெல்லிய வில்லைகளாகச் சீவி மேலெங்கும் பரப்புங்கள்.

ஓவன் உள்ளவர்கள் 180 டிகிரியில் ஏறத்தாழ 45 நிமிடம் வைக்கலாம். இல்லாதவர்கள் அடி கனத்த தேக்சாவில் உலர்ந்த மணலோ கல் உப்போ இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, பத்து நிமிடம் சூடேற்றி, ஒரு வளையத்தின்மேல் பாத்திரத்தை வைத்து மூடுங்கள். சிறுதீயில் ஒரு மணி நேரம் வரை ஆகும். நீரில்லாமல் காய்வது குக்கரின் ரப்பர் வளையத்துக்கும் வால்வுக்கும் நல்லதன்று. அதனால் தேக்சாவே மேல். இம்முறையில் மேலிருந்து வெப்பம் குறைவாக விழுவதால் கேக் அவ்வளவாகச் சிவக்காது. அதற்காகத் தீயைக் கூட்ட வேண்டாம். முப்பது நிமிடம் கழித்து ஒரு முறை திறந்து பாருங்கள். வெள்ளையாக எங்கேனும் தெரிந்தால் அங்கே ஒரு கரண்டி பாலோ சாறோ தெளியுங்கள். ஓரங்களில் சாறு கொப்பளித்து, மேற்பரப்பில் பொடியே இல்லாமல், நடுவில் குத்திய குச்சியில் பச்சை மாவு ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். இருபது நிமிடம் ஆறட்டும். அதற்குள் சாறு கெட்டியாகும். இதனைத் துண்டு போட முடியாது, கரண்டியால்தான் எடுக்க வேண்டும்.

அன்னாசிக்குப் பதில் கம்பம் பக்கத்துப் பன்னீர் திராட்சையைக் கொதிக்க வைத்து, கொட்டையை வடிகட்டிவிட்டு, அந்தச் சாற்றையும் சதையையும் கொண்டு செய்தால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். திராட்சையின் ஊதா நிறமி புளிப்பில் சிவப்பாகவும் காரத்தில் நீலமும் பச்சையுமாகவும் மாறக்கூடியது. வெந்த கேக்கில் சாறு படிந்த இடம் செவ்வூதாவாக இருந்தால் பேக்கிங் பவுடரின் அளவு சரி. நீலமாகவோ பச்சையாகவோ புள்ளிகள் தெரிந்தால் அங்கே சோடா கட்டியாக நின்றுவிட்டது என்று பொருள். அடுத்த முறை இன்னும் ஒரு தடவை சலியுங்கள்.